பழைய சிங்கர் 31கே: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

செகண்ட் ஹேண்டில் வாங்கும் பழைய தையல் மெஷினில், தேய்ந்துபோய் வந்த கோளாறைவிட யாரோ திருகித் திருகி வரவழைத்த கோளாறுதான் அதிகம். தையல் ஒன்று விட்டதும் ஊசியைத் தாங்கும் ஊசிக் கம்பியை இறக்குவார்கள். சரியாகவில்லை என்றால் அடியில் மேல்நூலைப் பிடிக்கும் ஷட்டிலை நகர்த்துவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸின் திருகை இறுக்கிவிட்டு, 'மெஷின் போச்சு' என்று விலை பேசிவிடுவார்கள். கடைசியில் பார்த்தால் ஊசி ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

இங்கே சொல்வது சிங்கர் 31 வகையை மனதில் வைத்து. பெயரில் வரும் 'கே' என்ற எழுத்து ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி ஆலையின் அடையாளம். அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டது. ஆகவே அசல் 31கே எதுவானாலும் அதற்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். அதே அமைப்பில் நம் நாட்டில் செய்யப்பட்ட மெஷின்களும் ஏராளம். இவற்றில் ஷட்டில் முழு வட்டம் சுற்றாது, முன்னும் பின்னும் ஆடும். ரிவர்ஸ் கிடையாது. எண்ணெயைத் தானே இறைத்துக்கொள்ளும் பம்பும் கிடையாது. நாம் ஊற்றினால்தான் உண்டு. பிறகு வந்த, சுற்றும் கொக்கி உள்ள பவர் மெஷின்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

கை வைக்கும் முன்

மோட்டார் பொருத்திய மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கிளட்ச் மோட்டாரில் (தான் சுற்றிக்கொண்டே இருந்து, பெடலை மிதித்தால் மெஷினோடு இணையும் வகை) ஒரு ஆபத்து உண்டு: சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கனமான சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கால் தெரியாமல் பெடலில் பட்டால் ஊசி இறங்கும். அணைத்த பிறகு பெடலை ஒரு தடவை நன்றாக மிதித்து, மிச்ச ஓட்டத்தைத் தீர்த்துவிட்டு விரலை உள்ளே விடுங்கள்.

எந்தத் திருகைத் தளர்த்தும் முன்பும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்புளியின் நுனி திருகின் பிளவில் முழு அகலத்துக்கும் இறுக்கமாக உட்கார வேண்டும். இந்த மெஷின்களின் திருகுகள் சிங்கரின் தனி மரை அளவில் கடைந்தவை. தலை சிதைந்தால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் மாற்று கிடைக்காது.

பார்க்கிற வரிசை எப்போதும் இதுதான்: ஊசி, நூல், சுத்தம், எண்ணெய், டென்ஷன் (நூலின் இறுக்கம்). இவை ஐந்தும் தீர்ந்த பிறகே ஊசிக் கம்பியின் உயரம். ஷட்டிலின் நேரம், அதாவது அது ஊசியோடு சேரும் கணம், அதற்கும் கடைசி.

சக்கரம் சுற்றவில்லை, அல்லது கனமாகச் சுற்றுகிறது

இரண்டும் வேறு வேறு. நேற்று வரை ஓடிய மெஷின் இன்று திடீரென்று இறுகி நின்றால், பெரும்பாலும் ஷட்டில் ஓடும் பள்ளத்தில் நூல் துண்டு ஒன்று சிக்கியிருக்கும். பலமாகச் சுற்றாதீர்கள். பாபின் கேஸை வெளியே எடுத்து, பள்ளத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டுங்கள். நூல் பொடிந்து வெளியே வரும். வராவிட்டால் ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகுகளைக் கழற்றி, ஷட்டிலை வெளியே எடுத்து, சிமிட்டாவால் நூலைப் பிடுங்குங்கள். ஷட்டில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதைக் கழற்றும்போதே படமெடுத்து வைத்தால் திரும்பப் போடும்போது குழப்பம் வராது.

வருடக்கணக்கில் மூலையில் கிடந்த மெஷின் கனமாகச் சுற்றுகிறது என்றால் அது பழைய எண்ணெய் பிசினாக இறுகியதால். நம் ஊர்ப் பழக்கத்தில் இதற்கு முக்கியக் காரணம் தேங்காய் எண்ணெய். அவசரத்துக்கு அடுப்படியிலிருந்து எடுத்து ஊற்றுவார்கள். அன்றைக்கு மெஷின் பூப்போல ஓடும். ஆறு மாதத்தில் அது மஞ்சளாக, பசைபோல ஒட்டிக்கொள்ளும். விளக்கெண்ணெயும் அப்படித்தான். தண்ணீர்போல மெல்லிய, நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெய் மட்டும்தான் இதற்கு.

பிசினை எடுக்க எல்லா எண்ணெய்த் துளைகளிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, காலையில் கையால் சுற்றுங்கள். கறுப்பாக வழிவதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். சுலபமாகச் சுற்றத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், ஆனால் உராய்வைத் தாங்காது. எல்லா இடத்திலும் மெஷின் எண்ணெய் விட்ட பிறகே ஓட்ட வேண்டும். இன்னொன்று: தங்க நிறப் பூவேலை உள்ள உடம்பை தின்னராலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள். அந்தப் படங்களுக்கு மேலே பூசியிருக்கும் அரக்குப் பூச்சை ஸ்பிரிட் கரைத்துவிடும், பூவும் சேர்ந்து போய்விடும்.

எண்ணெய் விடும்போது மேலே தெரியும் துளைகளோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் பலர். மெஷினின் தலையைப் பின்னால் சாய்த்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஒன்றோடொன்று உரசுகிற ஒவ்வொரு இடமும் எண்ணெய் கேட்கும். நாள் முழுக்கத் தைக்கிற மெஷினுக்கு தினமும் எண்ணெய் வேண்டும். ஷட்டில் பள்ளத்துக்கு ஒரே ஒரு சொட்டு. அதிகமானால் அது நேராக ஜாக்கெட் துணிக்குத்தான் போகும். எண்ணெய் விட்ட பிறகு நூல் இல்லாமல், பாதத்தைத் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டி, அப்புறம் கழிவுத் துணியில் தைத்துப் பாருங்கள்.

தையல் விடுகிறது

கோளாறுகளில் இதுதான் ராஜா. காரணம் பிடிக்க, தையல் எப்படி விழுகிறது என்பதை ஒரு தடவை மெதுவாக, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். ஊசி அடிவரை இறங்கி, கொஞ்சம் மேலே ஏறத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஊசியின் ஒரு பக்கத்தில் நூல் சின்ன வளையமாகப் புடைக்கும். ஷட்டிலின் நுனி அந்த வளையத்துக்குள் நுழைந்தால் தையல் உண்டு. வளையம் சிறுத்தாலோ, வேறு பக்கம் புடைத்தாலோ, நுனி முன்பின்னாக வந்தாலோ தையல் இல்லை. கீழே வருகிற எல்லாக் காரணமும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

முதலில் ஊசி. வீட்டு மெஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதைத் தப்பாகப் போடுவது கஷ்டம். இந்த மெஷினின் ஊசிக்குத் தண்டு உருண்டை. எந்தப் பக்கம் திருப்பினாலும் உட்கார்ந்துவிடும். ஊசியில் ஒரு பக்கம் மேலிருந்து கண் வரை நீளமான பள்ளம் ஓடும். 31 வகையில் அந்த நீளப் பள்ளம் உங்கள் இடது கையைப் பார்க்க வேண்டும். நூலை இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். வளையம் புடைப்பது பள்ளத்துக்கு எதிர்ப் பக்கத்தில். ஊசி கொஞ்சம் திரும்பியிருந்தால் வளையமும் ஷட்டிலை விட்டு விலகித் திரும்பும். தையல் பத்துக்கு ஒன்று விடும். பாதி திரும்பியிருந்தால் ஒன்றுகூட விழாது. ஊசிக் கண்ணுக்குள் ஒரு குண்டூசியைக் குறுக்கே விட்டுப் பாருங்கள். அது மெஷினின் கைக்கு இணையாக, இட வலமாக நேராக நிற்க வேண்டும்.

ஊசி வகையைப் பொறுத்தவரை, சிங்கர் இதற்குக் கொடுத்த எண் 16×87. இன்றைக்குக் கடையில் எளிதாகக் கிடைப்பது 16×95. டிபி×1 (DB×1) என்று கேட்டால் கொடுப்பார்கள். வீட்டு மெஷினின் ஊசியை இதில் போடப் பார்க்காதீர்கள். அதன் தண்டு தடிமன், துளையில் நுழையாது. யாராவது துளையைப் பெருக்கி நுழைத்திருந்தால், அந்த மெஷினில் எந்த ஊசியும் நேராக நிற்காது. வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஊசி மேலே முட்டும் வரை ஏறியிருக்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரியும் ஊசியும் வளைந்திருக்கலாம். கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால் தெரிந்துவிடும். எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று மறுபடி போடுவதைவிடப் புதிது போடுவது மலிவு. ரவிக்கைத் துணிக்கு 14-ம் எண் ஊசி, பேன்ட் துணிக்கு 16, ஜீன்ஸ், கித்தானுக்கு 18 என்று தொடங்கலாம். தடித்த நூலுக்கு மெல்லிய ஊசி போட்டால் நூல் பள்ளத்தில் உட்காராது, வளையமும் சரியாகப் புடைக்காது.

எங்கே விடுகிறது என்பதும் துப்பு கொடுக்கும். கனத்த மடிப்பு ஏறும்போது மட்டும் விட்டால் ஊசி வளைகிறது என்று பொருள். ஒரு எண் பெரிய ஊசி போதும். மெல்லிய துணியில், பனியன் துணியில் மட்டும் விட்டால், துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்புகிறது. துணி எழும்பினால் நூலும் சேர்ந்து எழும்பும், வளையம் புடைக்காது. பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஊசி நுழையும் தகட்டின் ஓட்டை பெரிதாகத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். ஒழுங்கே இல்லாமல், எல்லாத் துணியிலும், புதிய ஊசியிலும் விட்டால் மட்டும் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஊசிக் கம்பியின் உயரம்

பாதம், ஊசித் தகடு, பக்கத்துச் சறுக்குத் தகடு மூன்றையும் கழற்றுங்கள். புதிய ஊசி, மேலே முட்டும் வரை. இடது முகத் தகட்டையும் கழற்றிவிட்டால் ஊசிக் கம்பியும் அதைப் பிடித்திருக்கும் திருகும் தெரியும்.

கம்பியைத் துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கே இரண்டு மெல்லிய கோடுகள் இருக்கும். சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி, கம்பியை முழுக்க அடியில் இறக்குங்கள். மேல்கோடு, கம்பி நுழைந்து வரும் குழலான புஷ்ஷின் அடி விளிம்பில் தெரியும் தெரியாமல் நிற்க வேண்டும். அப்படியே இன்னும் சுற்றுங்கள். கம்பி மேலே ஏறும். கீழ்க்கோடு அதே விளிம்புக்கு வரும்போது ஷட்டிலின் நுனி ஊசியின் நடுவில், கண்ணுக்கு மேலே நிற்க வேண்டும்.

கோடு தேய்ந்துபோன மெஷின்களும், கோடே இல்லாத கம்பி மாற்றிப் போட்ட மெஷின்களும் உண்டு. அப்போது நாமே கோடு போட்டுக்கொள்ளலாம். கம்பி முழுக்க அடியில் இருக்கும்போது புஷ் விளிம்பில் கூர்மையான பேனாவால் ஒரு கோடு. அதற்கு 2.5 மி.மீ. கீழே இன்னொன்று. 2.5 மி.மீ. ஆலன் கீ ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் அளவு கிடைத்துவிடும். கீழ்க்கோடு விளிம்புக்கு ஏறி வரும்போது ஷட்டில் நுனி ஊசிக் கண்ணின் மேல் விளிம்புக்குச் சுமார் 1.6 மி.மீ. மேலே, ஊசியின் நடுவில் இருக்க வேண்டும்.

நுனி நடுவில் வருகிறது, ஆனால் கண்ணுக்கு ரொம்ப மேலே என்றால் கம்பியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். நுனி கண்ணுக்கு நேராகவோ கீழேயோ வந்தால் கம்பியை இறக்க வேண்டும். பிடித்திருக்கும் திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்தினால் போதும். கம்பியை மேலோ கீழோ தள்ளும்போது அது சுழலக் கூடாது. கம்பி சுழன்றால் ஊசியின் திசையும் சுழன்றுவிடும், நாம் மேலே பார்த்த முதல் கோளாறையே நம் கையால் உண்டாக்கினதாகிவிடும். இறுக்கிய பிறகு சக்கரத்தை முழுச் சுற்றுக் கையால் சுற்றி, எங்கேயும் தட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு தகடுகளைப் பூட்டுங்கள்.

உயரம் சரி, ஆனால் நுனி ஊசியின் நடுவுக்கு முன்போ பின்போ வருகிறது என்றால் அது ஷட்டில் தண்டின் நேரம். அந்தத் திருகுகளை அனுபவமில்லாமல் தொட வேண்டாம் என்பேன். அது தானாக நகர்வதும் அபூர்வம். நகர்ந்திருந்தால் ஊசி பலமாக முட்டி நின்ற சம்பவம் ஒன்று அதற்கு முன் நடந்திருக்கும்.

நுனிக்கும் ஊசிக்கும் இடையே மெல்லிய தாள் நுழையும் இடைவெளி போதும். உரசவும் கூடாது, விலகவும் கூடாது. பழைய மெஷினில் ஷட்டிலும் பள்ளமும் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். ஷட்டிலை விரலால் ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடும். இதற்குச் சரிசெய்தல் எதுவும் இல்லை, புதிய ஷட்டில்தான். கடையில் வாங்கும்போது நுனியை நகத்தில் தொட்டுப் பாருங்கள். கூர்மையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். மலிவு ஷட்டில்களில் வார்ப்பின் பிசிறு அப்படியே இருக்கும்.

மேல்நூல் அறுகிறது

அறுந்த நூலின் முனையைக் கீழே போடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கும்.

முனை பஞ்சுபோலப் பிரிந்து, சில அங்குலத்துக்கு நூல் தேய்ந்திருந்தால் ஊசிக் கண் சிறியது, அல்லது கண்ணில் பிசிறு, அல்லது ஊசி திரும்பியிருக்கிறது. கத்தரித்ததுபோலச் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் எங்கேயோ ஒரு கூர்முனை: ஊசித் தகட்டின் ஓட்டை, ஷட்டிலின் நுனி, டென்ஷன் தட்டுகளின் ஓரம், மேலும் கீழும் ஆடி நூலை இழுக்கும் நூல் தூக்கியின் துளை. முனை சுருண்டு, இழுத்து நீட்டியதுபோல இருந்தால் டென்ஷன் அதிகம். அல்லது நூல்கண்டு எங்கேயோ மாட்டி இழுபடுகிறது.

கூர்முனையைக் கண்டுபிடிக்க பழைய நைலான் சாக்ஸ் போதும். அதை அந்த இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். பிசிறு இருந்தால் இழை மாட்டும். ஊசித் தகட்டின் ஓட்டையில் பழைய ஊசிகள் குத்திய வடு இருப்பது சகஜம். கெட்டியான பருத்தி நூலில் பித்தளை பாலிஷ் தடவி, அந்த ஓட்டைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் பிசிறு போய்விடும். ஷட்டில் நுனிக்கு மிக நைசான எமரித் தாள். நுனியின் வடிவம் மாறாமல், பிசிறு போகும் அளவுக்கு மட்டும்.

நூலையும் சந்தேகப்படுங்கள். பரணில் பத்து வருடம் கிடந்த பருத்தி நூல் கையால் இழுத்தாலே அறும். கோன் நூல் என்றால் அது நேர் மேலே உள்ள கொக்கி வழியாக வர வேண்டும். கோனைப் பக்கத்தில் மேஜையில் நிறுத்திவிட்டு 'நூல் அறுகிறதே' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

பாபின் நூல் அறுகிறது என்றால் பாபினின் விளிம்பில் வெடிப்போ நெளிவோ இருக்கிறதா பாருங்கள். விளிம்பைத் தாண்டி நிரம்பச் சுற்றிய பாபினும் கேஸுக்குள் உரசி நூலை அறுக்கும்.

அடியில் நூல் கூடு கட்டுகிறது

துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொசகொசவென்று குருவிக்கூடுபோல. பார்த்ததும் கை போவது பாபின் கேஸ் திருகுக்கு. அது தப்பு. அடியில் தெரியும் அந்தக் கூடு மேல்நூல். மேலே அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது.

பாதத்தைத் தூக்கி வைத்து மேல்நூலை மறுபடி முழுக்கக் கோருங்கள். தூக்கி வைக்கச் சொல்வது ஏனென்றால், பாதத்தைத் தூக்கினால் டென்ஷன் தட்டுகள் விரியும் அமைப்பு உள்ள மெஷினில் அப்போதுதான் நூல் தட்டுகளுக்கு நடுவே ஆழமாக உட்காரும். பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். ஊசி வளைகிற அளவுக்கு எதிர்ப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் தட்டுகளுக்கு இடையே பஞ்சோ பழைய நூல் துண்டோ மாட்டியிருக்கும். கெட்டியான துணி ஓரத்தை நுழைத்து இழுத்தால் வந்துவிடும்.

பாதத்தை இறக்காமல் தைக்கத் தொடங்குவதும் இதே கூட்டைக் கட்டும். நூல் தூக்கியின் துளையை விட்டுவிட்டுக் கோர்த்தாலும் அப்படியே. தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் விரலால் பின்னால் பிடித்துக்கொள்ளாமல் தைத்தால் முதல் நாலைந்து தையலில் மட்டும் கூடு விழும். அது மெஷினின் கோளாறு இல்லை.

மோட்டார் மாற்றிய பிறகு திடீரென்று இது தொடங்கினால் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி உங்களை நோக்கி வர வேண்டும். மோட்டாரின் திசை தலைகீழாக இருந்தால் ஒரு தையலும் உருப்படாது.

டென்ஷன் வைக்கும் முறை

கீழிருந்து தொடங்குங்கள். பாபின் கேஸின் ஸ்பிரிங்குக்கு அடியில் தூசி, மெழுகுபோன்ற அழுக்கு இருக்கிறதா என்று ஒரு தாள் ஓரத்தை விட்டுப் பாருங்கள். அப்புறம் நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். சும்மா பிடித்தால் அசையாமல் தொங்க வேண்டும். கையை லேசாகச் சுண்டினால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று தரைக்கு ஓடினால் தளர்வு, சுண்டியும் இறங்காவிட்டால் இறுக்கம். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். அந்தத் திருகு மிகச் சிறியது. கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டால் விழுந்தாலும் தேடலாம்.

கீழே சரியான பிறகு அதை மறந்துவிடுங்கள். இனி மேல் டென்ஷன் மட்டும். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் நூல் போட்டு, இரண்டு மடிப்புத் துணியில் தையுங்கள். கீழ்நூலின் நிறம் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம். மேல்நூலின் நிறம் கீழே தெரிந்தால் குறைவு. இரண்டும் துணியின் நடுவில் முடிந்துகொள்ள வேண்டும்.

டென்ஷன் தட்டின் பக்கத்தில் கம்பி வளைவாக இருக்கும் சின்ன ஸ்பிரிங்கை யாரும் கவனிப்பதில்லை. ஊசி இறங்கும்போது நூல் தொய்ந்து ஊசி முனையில் மாட்டாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஊசியின் கண் துணியைத் தொடும்போது அந்த ஸ்பிரிங் தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டு தடுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். உடைந்திருந்தால், அல்லது செத்துப்போய் ஆடாமல் இருந்தால், டென்ஷனை எவ்வளவு திருகினாலும் தையல் ஒருசீராக வராது. புதிது போடுங்கள், விலை சொற்பம்.

ஊசி ஒடிகிறது

தைக்கிறவர் துணியைப் பின்னாலிருந்து இழுப்பதுதான் முதல் காரணம். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதும். துணிக்கு வழிகாட்டினால் போதும், நகர்த்துவது ஊசித் தகட்டின் வழியே எழும்பும் பல்லின் வேலை.

அதுவும் இல்லையென்றால் பாபின் கேஸ். உள்ளே போகும்போது 'கிளிக்' என்று சத்தம் கேட்கவில்லை என்றால் அது பாதிதான் உட்கார்ந்திருக்கிறது. கேஸின் விரல்போன்ற நீட்சி அதற்குரிய பள்ளத்தில் சேராமல் நின்று, ஊசி நேராக அதன் மேலேயே இறங்கும். பாதத்தின் திருகு தளர்ந்து பாதம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் ஒடியும். ஒடிந்த துண்டு முழுவதும் கிடைக்கும் வரை மெஷினை ஓட்டாதீர்கள். நுனி ஷட்டில் பள்ளத்தில் விழுந்திருந்தால் அடுத்த சுற்றில் அதைவிடப் பெரிய செலவு.

துணி நகரவில்லை, அல்லது சுருங்குகிறது

பல் மேலே எழும்பும் உச்சியில், பல்லின் முழு உயரமும் தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். பார்க்க எளிதுதான்: சக்கரத்தைச் சுற்றிப் பல்லை உச்சிக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். குறைவாகத் தெரிந்தால் முதலில் தகட்டைக் கழற்றுங்கள். பல் வரிசைகளுக்கு இடையே பஞ்சு அட்டைபோல இறுகியிருக்கும். அது பல்லை மேலே வரவிடாது. பல ரிப்பேர்கள் இந்த அட்டையைச் சுரண்டி எடுத்ததோடு முடிந்துவிடும். பல்லின் முனைகள் மழுங்கி வழவழத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

மேலே உள்ள அழுத்தத் திருகு ஜீன்ஸுக்கு வைத்த நிலையிலேயே பட்டு ரவிக்கை தைத்தால் துணி அலையலையாகச் சுருங்கும். பட்டுக்கு அழுத்தத்தைக் குறையுங்கள், 11-ம் எண் ஊசி போடுங்கள், மேல் கீழ் இரண்டு டென்ஷனையும் தளர்த்துங்கள். தையல் நீளத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் சுருக்கம் குறையும்.

ஊசி துணிக்குள் இருக்கும்போதே பல் துணியை நகர்த்துகிறது என்றால் ஊசி வளைவது கண்ணுக்கே தெரியும். அது பல்லின் நேரம் தப்பியது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ரிவர்ஸ் இல்லாததால் முடிவில் தையல் பிரிகிறதே என்பது கோளாறு அல்ல. கடைசி அரை அங்குலத்தில் தையலைப் பொடிசாக்குங்கள், அல்லது துணியைத் திருப்பி நாலு தையல் மேலேயே ஓட்டுங்கள். பழைய டெய்லர்கள் பாதத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு அதே இடத்தில் இரண்டு மூன்று தையல் போடுவார்கள். கை பழகினால் அதுதான் சுத்தம்.

சத்தம்

ஒவ்வொரு தையலுக்கும் 'டிக்' என்று கூரிய சத்தம் வந்தால் ஊசி எதையோ தொடுகிறது. உடனே நிறுத்துங்கள். 'கடகட' என்று உலோகம் ஆடும் சத்தம் ஷட்டில் பகுதியிலிருந்து வந்தால் எண்ணெய் இல்லை அல்லது ஷட்டில் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டதும் அடங்கினால் முதலாவது. அடியிலிருந்து 'தொம் தொம்' என்று வந்தால் அடித்தண்டுகளைத் தாங்கும் கூம்பு முனைத் திருகுகளில் ஒன்று தளர்ந்திருக்கும். தண்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் எது என்று தெரியும். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஆட்டம் போகும் வரை மட்டும் திருகை உள்ளே விட்டு, நட்டை இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் சக்கரம் கனத்துவிடும்; இறுக்கிய பின் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது கட்டாயம்.

மோட்டார் வேகம்

31 வகையில் ஒரு மாடலான 31-15-க்கு சிங்கர் சொன்ன உச்ச வேகம் நிமிடத்துக்கு 2200 தையல். தானாக எண்ணெய் இறைக்காத மெஷினுக்கு அதுவே அதிகம். கணக்கு சுலபம்: மோட்டாரின் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, மெஷின் சக்கரத்தில் பெல்ட் ஓடும் பள்ளத்தின் விட்டத்தால் வகுங்கள். 2800 சுற்று மோட்டார், 60 மி.மீ. புல்லி, 80 மி.மீ. சக்கரம் என்றால் 2100 வரும். அதே மோட்டாரில் 90 மி.மீ. புல்லி போட்டுவிட்டால் 3000 தாண்டிவிடும். ஷட்டில் ஒவ்வொரு தையலுக்கும் போய்த் திரும்பும் வகை என்பதால், அந்த வேகத்தில் அடி வாங்குவது முதலில் அதுதான்.

இன்றைக்கு வாங்குவதானால் கிளட்ச் மோட்டாருக்குப் பதில் சர்வோ மோட்டார் (பெடலை மிதித்தால் மட்டும் சுற்றும் வகை) வாங்குங்கள். மெதுவாக, ஒவ்வொரு தையலாக ஓட்டலாம். சும்மா இருக்கும்போது கரண்டும் பெரிதாக இழுக்காது. ரவிக்கைக் கழுத்து வளைவு தைக்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். மிதி மெஷினாகவே வைத்திருப்பவர்கள் தோல் பெல்ட் நழுவினால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிச் சுருக்கி மறுபடி கொக்கி போடுங்கள். பெல்ட்டில் எண்ணெய் படவே கூடாது.

உதிரி பாகம் வாங்கப் போகும்போது

எண்ணைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். ஷட்டில், பாபின் கேஸ், ஊசித் தகடு, பல் எதுவானாலும் பழையதைக் கையோடு எடுத்துப் போய் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகல் பாகங்களில் அளவு சிறிதளவு மாறும். தகட்டையும் பல்லையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பழைய தகட்டில் புதிய பல் ஓரத்தில் உரசும். பாபின்களை ஒரே வகையாக டஜன் கணக்கில் வாங்கி, வீட்டு மெஷினின் பாபின்களோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்திலும், கடலோர ஊர்களில் எப்போதும், இரவில் தைத்து முடித்ததும் ஊசிக் கம்பியையும் தகட்டையும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்து, பல்லுக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு துணித் துண்டை வைத்துப் பாதத்தை இறக்கி மூடுங்கள். காலையில் அந்தத் துண்டிலேயே முதல் தையலைப் போட்டுப் பார்த்துவிட்டு வேலைத் துணியை எடுக்கலாம்.